கொழுப்பு அமிலமும் ஸ்டீராய்டு ஹார்மோனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் கொலஸ்டிராலையும் கொழுப்பு அமிலத்தையும் ‘கொழுப்பு’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுவதால், டெஸ்டோஸ்டிரோன், கார்ட்டிசால் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கொழுப்பு அமிலத்திலிருந்து உருவாகின்றன என்ற பிழை எளிதாக நுழைந்துவிடுகிறது. மூலப்பொருள் கொலஸ்டிரால்தான், அதன் 27 கார்பன்களில் 6 வெட்டப்பட்ட பிறகு கிடைக்கும் 21 கார்பன் பிரெக்னெனோலோனிலிருந்தே மற்ற ஸ்டீராய்டுகள் பிறக்கின்றன. அராக்கிடோனிக் அமிலம் என்னும் 20 கார்பன் கொழுப்பு அமிலத்துக்கு இங்கே உள்ள முக்கியப் பணி சமிக்ஞை தருவது.

வெட்டும் நொதியே உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று கருதுவதும் தவறு. அந்த நொதி மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருக்கிறது. கொலஸ்டிரால் வெளிச்சவ்விலிருந்து அங்கே போய்ச் சேர்வதுதான் கடினமான கட்டம். அதற்கு உதவும் ஸ்டார் புரதம் 1994இல் அடையாளம் காணப்பட்டது. அதன் மரபணு பழுதாகும்போது பிறவியிலேயே அட்ரினல் சுரப்பியில் கொலஸ்டிரால் தேங்கி, ஹார்மோன் உற்பத்தி பெருமளவு நின்றுபோகிறது என்பதே இக்கட்டத்தின் முக்கியத்துவத்துக்குப் போதிய சான்று. கொழுப்பு அமிலச் சமிக்ஞை தன் வேலையைக் காட்டும் முக்கிய இடமும் இதுதான்.

பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் லூட்டினைசிங் ஹார்மோன், விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்லின் ஏற்பியைத் தொடும்போது, செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி உயர்கிறது, அராக்கிடோனிக் அமிலமும் விடுபடுகிறது. இவை போட்டியிடும் இரண்டு பாதைகள் என்று எழுதிவிடுவது பாடநூல் படங்கள் பழக்கிவிட்ட பிழை என்றே நான் நினைக்கிறேன். அமிலம் விடுபடுவதைத் தடுத்தால், சைக்ளிக் ஏஎம்பி தூண்டியிருந்தும் ஸ்டார் புரதமும் ஸ்டீராய்டும் குறைகின்றன. அமிலத்தை மட்டும் சேர்த்தாலோ விளைவு சொற்பமே. இரண்டும் இணைந்தால்தான் முழு வீச்சு.

அராக்கிடோனிக் அமிலத்தின் விளைபொருள்கள் அனைத்தும் ஒரே திசையில் இயங்குவதும் இல்லை. லிப்பாக்சிஜனேஸ், எப்பாக்சிஜனேஸ் நொதிகள் உருவாக்கும் சில சேர்மங்கள் ஸ்டார் மரபணுவின் வெளிப்பாட்டை உயர்த்த, சைக்ளோ ஆக்சிஜனேஸ்-2 வழியோ அதை அடக்குகிறது. எலியின் லேடிக் செல்களில் அந்த நொதியைத் தடுத்தபோது ஸ்டார் புரதம் கூடியது. எனவே ‘அராக்கிடோனிக் அமிலம் ஸ்டீராய்டைக் கூட்டும்’ என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த நொதியின் வழியே என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இவற்றில் பெரும்பகுதி வளர்ப்புச் செல்களில் கண்டறியப்பட்டது. செல்லுக்குள் விடுபடும் சிறிதளவு அமிலத்தின் சமிக்ஞையை, உணவில் உண்ணும் கொழுப்பின் அளவோடு ஒன்றாக்கி ஹார்மோன் ஆலோசனை வழங்குவதற்கு இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை.