எடையைக் கூட்டும் முன் கம்பிவடத்தைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலை முடித்து மாலையில் ஜிம்முக்குப் போகும் தம்பிமார்களே, கருவியைச் சோதிக்காமல் கை வைக்காதீர்கள். கம்பிவடம் உள்ள இழுவைக் கருவிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். வடத்தின் பிளாஸ்டிக் உறை வெடித்து, மெல்லிய இழை ஒன்று முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலே அந்தக் கருவியைப் பயன்படுத்தாதீர்கள். உரிமையாளரிடம் உடனே சொல்லுங்கள். எடைத் தட்டுகளில், எடையைத் தேர்ந்தெடுக்கச் செருகும் உரிய ஊசிக்குப் பதில் ஆணி செருகியிருந்தாலும் வேண்டாம். பெஞ்சு ஆடக்கூடாது. துணைக்கு ஆளில்லாமல் படுத்துத் தூக்குபவர்கள், பாதுகாப்புக் கம்பிகள் உள்ள சட்டத்தையே தேர்ந்தெடுங்கள். அவற்றை நெஞ்சைவிடச் சற்றுத் தாழ்வாக, கழுத்தைவிட உயரமாகப் பொருத்துங்கள். புதியவர்களுக்கு, எடைத் தட்டுகளை மாட்டும் நீளமான ஒலிம்பிக் கம்பியே, தட்டு சேர்க்காமல், தாராளம். தட்டில்லாமலே அந்தக் கம்பி 20 கிலோ இருக்கும்.