கல்லூரி நூலகத்தில் பாட ரிசர்வ் அமைப்பது எப்படி? பதிப்புரிமைக் கேள்விகளோடு ஒரு செய்முறை

டெல்லிக் கல்லூரிகளில் நூலக வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது இதுதான்: "அக்கா, ஒரு புத்தகத்தில் எத்தனை பக்கம் ஜெராக்ஸ் போடலாம்?" இணையத்தில் தேடினால் பத்து சதவீதம், ஓர் அத்தியாயம் என்றெல்லாம் வரும். அவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புழங்கும் அளவுகள். நம் நாட்டுச் சட்டம் அந்த வழியில் போகவில்லை. பாட ரிசர்வ் என்றால், ஒரு பாடத்துக்கு வேண்டிய நூல்களையும் பகுதிகளையும் தனியே எடுத்து வைத்து, அதைப் படிக்கும் மாணவர்கள் எல்லாருக்கும் கிடைக்கச் செய்வது. எங்கள் நூலகத்தில் இந்த செமஸ்டர் ரிசர்வ் பிரிவை அமைத்து முடித்த கையோடு, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்

ஆசிரியரிடம் தாள் பெயர், அலகு, நூல், பக்க எண்கள் நான்கையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அட்டைப் படம் அனுப்பி "இதைப் போட்டுடுங்க" என்றால் ஏற்காதீர்கள். இந்தப் பகுதி இந்தப் பாடத்துக்குத்தான் எடுக்கப்பட்டது என்பதற்கு அந்தக் காகிதமே ஆதாரம். நான் எக்செல் தாளில் ஒரு வரிசைக்கு ஒரு பகுதி என்று வைத்திருக்கிறேன். இதற்கென்று தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

படி 2: அசல் பிரதி

காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை ரிசர்வ் அலமாரியில் வைத்து இரண்டு மணி நேரம் படிக்கக் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. இது போதுமானால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 3: உரிமை இன்னும் இருக்கிறதா?

நூலாசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். உ.வே.சா. 1942இல் மறைந்தார், அவர் எழுதியவற்றுக்கு 2002 முடிவோடு காலம் தீர்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பிலும் உரையிலும் கவனம் வேண்டும். சங்கப் பாடலுக்கு உரிமையாளர் கிடையாது. அதற்கு இப்போது உள்ள ஒருவர் எழுதிய உரைக்கு உண்டு.

படி 4: பிரதி எடுப்பது

பதிப்புரிமைச் சட்டம், 1957. அதன் 52வது பிரிவு, எவையெல்லாம் மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுப்பதும் அதில் ஒன்று. பக்க வரம்பு எதுவும் அங்கே எழுதப்படவில்லை.

இதன் பொருள் என்ன என்று நம் டெல்லியிலேயே வழக்கு நடந்தது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை கோர்ஸ் பேக் (பாடத்துக்கான பகுதிகளைப் பல நூல்களிலிருந்து பிரதி எடுத்துச் சேர்த்த தொகுப்பு) தயாரித்துக் கொடுத்ததை எதிர்த்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. மாணவர்களும் பேராசிரியர்களும் தாங்களாகவே வழக்கில் சேர்ந்து வாதாடினார்கள். 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, பாடத்தைப் புரியவைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுக்கலாம் என்ற கோட்பாட்டை ஏற்றது. கற்பித்தல் என்பது வகுப்பறைக்குள் நடப்பது மட்டுமல்ல என்றும் சொன்னது. ஆனால் அந்தப் பேக்குகளில் இருந்தவை பாடத்துக்குத் தேவைதானா என்பதை விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன.

அதனால் பக்கம் எண்ணுவதை விட்டுவிட்டு, "பாடத்துக்குத் தேவையா?" என்று கேளுங்கள். படி 1இல் வாங்கிய காகிதம் இங்கேதான் கைகொடுக்கும். வாடகை போக மாதக் கடைசியில் மெட்ரோ கார்டில் பணம் போடவே யோசிக்கும் பிள்ளைகளிடம், ஓர் அத்தியாயத்துக்காக மூவாயிரம் ரூபாய்ப் புத்தகம் வாங்கச் சொல்வது நியாயமில்லை. சட்டம் இடம் கொடுத்திருக்கிறது, பயப்படாமல் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. நூலகம் மூன்று பிரதி வரை எடுக்கலாம் என்று ஒரு விதி உண்டு. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, இலாப நோக்கில்லாத பொது நூலகம் தன் பயன்பாட்டுக்குப் பிரதி எடுப்பதற்கானது அது. பலரும் இதையும் கற்பித்தல் விலக்கையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

படி 5: மின்நூலும் மின்னிதழும்

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அந்தப் பிரதி நம்முடையது. மின்நூலில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது உரிம ஒப்பந்தம்தான். அத்தியாயத்தைப் பிடிஎஃப் ஆக இறக்கி, மூடுல் என்ற கல்லூரிப் பாடத் தளத்தில் ஏற்றலாமா என்பதை அந்த ஒப்பந்தத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. சட்டம் விலக்கு தருகிறதே என்று நினைத்து ஒப்பந்தத்தை மீறினால், பதிப்பகம் வளாகம் முழுக்கவே அணுகலை நிறுத்திவிடலாம்.

ஒப்பந்தம் நூலகத்தில் இருக்காது. கணக்குப் பிரிவின் கொள்முதல் கோப்பிலோ, விற்பனையாளரின் பழைய மின்னஞ்சலிலோ கிடக்கும். கையில் கிடைத்ததும் முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. 'கோர்ஸ் பேக்', 'எலெக்ட்ரானிக் ரிசர்வ்' ஆகிய சொற்களைத் தேடுங்கள். அனுமதி உண்டு என்றால் செமஸ்டர் முடியும்வரை ஏற்றலாம். ஒன்றுமே இல்லை என்றால் கோப்பை ஏற்றாமல் நிலையான இணைப்பை மட்டும் கொடுங்கள். நான் அனுமதி இருந்தாலும் இணைப்பைத்தான் கொடுக்கிறேன். வேலையும் குறைவு, பயன்பாட்டுக் கணக்கும் சரியாகப் பதிவாகும். முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகல் எடுக்காதீர்கள், மறுநாள் அது திறக்காமல் போகலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் மின்நூலுக்கும் பதிப்பகம் தரும் மாறாத அடையாள எண்ணான டிஓஐயிலிருந்து இணைப்பை உருவாக்குங்கள்.

ஸ்கேன் செய்த கோப்புகளுக்கு மூடுலில் அந்தத் தாள் படிப்பவர்கள் மட்டும் நுழையும்படி கடவுச்சொல் வையுங்கள். டெலிகிராம் குழு வேண்டவே வேண்டாம். ஒருமுறை வெளியே போனால் அது பாடத்துக்கான பிரதி என்று யாரிடமும் சொல்ல முடியாது.

படி 6: கோஹாவில் பதிவு

கோஹா என்ற நூலக மென்பொருளில் பாட ரிசர்வ் வசதி இருக்கிறது, இலவசம். சிஸ்டம் பிரிஃபரன்ஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் அதை இயக்கிவிட்டு, 'டிபார்ட்மென்ட்', 'டெர்ம்' என்ற இரண்டு ஆத்தரைஸ்டு வேல்யூக்களையும் (தேர்வு செய்யும் பட்டியல்கள்) முதலில் நிரப்புங்கள். அவை காலியாக இருந்தால் புதிய பாடத்தைச் சேர்க்க முடியாது. அப்புறம் பார்கோடை ஸ்கேன் செய்து நூல்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

பிற்சேர்க்கை

பார்வைக் குறையுள்ள மாணவருக்கு முழுப் புத்தகத்தையும் கொடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கொடுக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம் இதற்கென்றே தனி விலக்கைச் சேர்த்தது. அவர் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, இலாபம் இல்லாமல் கொடுக்க வேண்டும், மற்றவர்களுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் ஸ்கேன் படத்தைத் திரைவாசிப்பான் படிக்காது. ஓசிஆர் செய்து (படத்தில் உள்ளதை எழுத்தாக மாற்றி), தமிழ் எழுத்துகள் யூனிகோடில் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்தி, வேர்டு கோப்பாகக் கொடுங்கள்.