பஸ் வருவதற்குள் ஒரு பாட்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானில் ஒரு பெண்கள் இடைநிலைப்பள்ளியில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். 19 ஆண்டுகளாகத் தமிழ்மொழிக் கழகத்தின் பாட்டுக் குழுவும் என் பொறுப்புதான். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டினார். வெள்ளிக்கிழமை ஆனால் தோட்டத்துக் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பஜனை பாடியதும், பிறகு டவுனில் ஓர் அம்மாவிடம் ஐந்து வருஷம் கற்றுக்கொண்டதும்தான் என் சங்கீதம். போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகிப் போன ஓர் இளம் ஆசிரியை போன் செய்தார். "அக்கா, எனக்கும் ஒரு குழுவைக் கொடுத்துட்டாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்றார். அவருக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பாட்டைத் தேட வேண்டாம். பஸ் ஓட்டுகிற அண்ணனைத் தேடிப் போங்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் லங்காப், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். புதன்கிழமை புறப்பாட நடவடிக்கை (பாட நேரத்துக்குப் பிறகு நடக்கும் கழகம், விளையாட்டு) முடிந்ததும் பஸ் கேட்டில் நிற்கும். அதை விட்டால், அப்பா வேலை முடிந்து மோட்டாரில் வந்து ஏற்றிப் போக வேண்டும். செம்பனைக் காட்டுச் சாலையில் அதற்குள் இருட்டிவிடும். ஒரு முறை அப்படி ஆனால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வராது. வீட்டில் யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். "பாட்டு போதும்மா, படிப்பைப் பாரு" என்று மெதுவாகச் சொல்லியிருப்பார்கள். அதோடு ஒரு குரல் போய்விடும். அதனால் என் பயிற்சி 50 நிமிடம்தான். அதிலும் கடைசி 5 நிமிடம் பையை எடுக்க, சப்பாத்தைத் தேட. மீதி 45 நிமிடத்தில் நான்கு வரி உருப்படியாக வந்தால் அன்றைக்குப் போதும்.

காலண்டரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஆசிரியர் தினம் மே 16. எங்கள் ஊரில் அதற்கு முன்னால் சித்ரா பௌர்ணமி வரும். தண்டாயுதபாணி கோயில் ரத ஊர்வலத்துக்குத் தோட்டமே டவுனுக்கு வந்து நிற்கும். அந்த நாட்களில் பயிற்சி வைத்தால் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடுதான் வருவார்கள். நான் வைப்பதில்லை. நோன்பு மாதத்தில் நம் குழுவில் மலாய்ப் பிள்ளைகள் இருந்தால், அவர்களால் தண்ணீர் குடிக்க முடியாது, பாட வைக்காதீர்கள். அந்த மாதம் முழுவதும் தாளப் பயிற்சி வைத்துக்கொள்ளலாம். படிவம் 5 பிள்ளைகளை, அந்த ஆண்டு எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு நெருங்கும் முன்பே விட்டுவிட வேண்டும்.

சரி, இப்போது சுருதி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நான் குழுவை எடுத்த மூன்றாம் ஆண்டு ஒரு சினிமாப் பாட்டைத் தேர்ந்தெடுத்தோம். கரோக்கே இசை எந்தச் சுருதியில் இருந்ததோ, அதே சுருதியில் பாட வைத்தேன். 14 பேர் பாடினார்கள், கேட்க நன்றாகவே இருந்தது. ஒரு நாள் வரிசையை ஒட்டி நடந்துகொண்டே கேட்டேன். கடைசியில் நின்ற படிவம் 2 பிள்ளை, சரணம் மேலே ஏறும் இடத்தில் தாடையைத் தூக்கினாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பல்லவிக்குத் திரும்பியபோது மறுபடியும் லேசாகக் கேட்டது. எல்லாரும் போன பிறகு விசாரித்தேன். "எனக்குக் குரல் இல்லை டீச்சர். சும்மா நிக்கிறேன், சேலை மட்டும் அதே கலர்ல கட்டிக்கிறேன்" என்றாள். எத்தனை வாரமாக இப்படி என்றேன். "முதல் நாள்லேர்ந்து" என்றாள். அப்பாவின் பழைய ஆர்மோனியத்தைத் திறந்து, நான்கு கட்டை (சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) இறக்கி ஒரு ஸ்வரத்தைப் பிடித்தேன். பித்தளைச் செம்பைத் தட்டியது போல ஒரு குரல் வந்தது. நல்ல கனமான, அசையாத குரல். அவளுக்குக் குரல் இல்லாமல் இல்லை. நான்தான் அது இருந்த இடத்துக்குப் போகவில்லை. அந்த ஆண்டு மீதி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் அளந்தேன். இப்போதும் ஆண்டுத் தொடக்கத்தில் முதல் இரண்டு பயிற்சி குரலை அளப்பதற்குத்தான் போகிறது.

அளப்பது இப்படி. கைப்பேசியில் ஒரு தம்புரா செயலியைப் போட்டு 6 கட்டையில் வையுங்கள். பிள்ளையைத் தனியாக உட்கார வையுங்கள், மற்றவர்கள் வெளியே இருக்கட்டும். ச-வில் நின்று, "ம்" என்று வாய் மூடி முனகச் சொல்லுங்கள். அங்கிருந்து கீழே நி, த, ப என்று இறங்கட்டும். குரல் காற்றாகிப் போகும் இடத்துக்கு ஒரு ஸ்வரம் மேலே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே ஏறட்டும். மேல் ச, ரி, க என்று போகும்போது பிள்ளையின் தோளைப் பாருங்கள். தோள் தூக்கிக்கொண்டால் அதற்கு முந்தைய ஸ்வரம்தான் எல்லை. நோட்டில் பெயர், கீழ் எல்லை, மேல் எல்லை, தேதி. இவ்வளவுதான்.

பெண்களுக்கு 5 கட்டை, 5½ கட்டை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது வளர்ந்த, பயிற்சி உள்ள குரலுக்கு. 13 வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுருதியில் மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ப) எட்டாது. இன்னொன்று, பெண் பிள்ளைகளுக்கும் அந்த வயதில் குரல் மாறும். பையன்களுக்குப் போல உடையாது. காற்று கலந்து, கொஞ்சம் கரகரத்து ஒலிக்கும். அந்தப் பிள்ளையிடம் "சத்தமாப் பாடு" என்று சொல்லாதீர்கள், கத்தத்தான் பழகும். ஆறு மாதம் மெதுவாகப் பாடட்டும், தானாகத் தெளியும். நான் 19 ஆண்டாகப் பார்க்கிறேன்.

எல்லாருடைய எல்லைகளையும் ஒரே பக்கத்தில் எழுதினால், பொதுவாக எல்லாருக்கும் வசதியான ஓர் இடம் தெரியும். பெரும்பாலும் அது ஒரு ஸ்தாயியை (ச முதல் மேல் ச வரை) விடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த இடத்துக்குள் அடங்குகிற பாட்டைத்தான் எடுக்க வேண்டும். நன்றாகப் பாடுகிற ஒருத்திக்கு வசதியான கட்டையைக் குழுவுக்கு வைத்தால், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் சேலை கட்டி நிற்பவர்கள் ஆகிவிடுவார்கள். மேலே ஏறும் வரிகள் இருந்தால் அவற்றைக் குரல் உயர்ந்த மூன்று பேரிடம் கொடுங்கள். கனத்த குரல்கள் கீழ் ச-வையோ ப-வையோ பிடித்து நிற்கட்டும். சபையில் அது எவ்வளவு அழகாகக் கேட்கும் தெரியுமா? அந்தப் பித்தளைக் குரல் பிள்ளையை அப்படித்தான் நடுவில் நிறுத்தினேன்.

பாட்டுக்கு ராகம் தேடினால் மோகனத்தில் ஆரம்பியுங்கள். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லாததால் புதுப் பிள்ளைக்கு வழுக்கி விழ இடம் குறைவு. எங்கள் பள்ளியைப் போல எல்லா இனப் பிள்ளைகளும் படிக்கும் இடத்தில் மோகனத்துக்கு இன்னொரு நன்மை உண்டு. சீனப் பிள்ளைகள் வாசிக்கும் குசெங் வாத்தியத்தில் 21 தந்திகள், அவற்றுக்குச் சுருதி கூட்டுவதும் இதே ஐந்து ஸ்வரத்தில்தான். சீன மொழிக் கழகத்துப் பிள்ளை ஒருத்தி இசையறையில் தந்திகளை வருடிக்கொண்டிருந்தபோது, எங்கள் பிள்ளைகள் கதவோரம் நின்று மோகனத்தின் ஆரோகணத்தை (ஏறும் ஸ்வர வரிசை) பாட ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் திகைத்துப்போய்ச் சிரித்தன. அந்த ஆண்டு பரிசளிப்பு விழாவில் சேர்ந்தே மேடை ஏறினோம்.

ஆனால் குசெங்கைப் பெரும்பாலும் டி (D) சுருதியில் கூட்டி வைத்திருப்பார்கள். நம் கணக்கில் அது 2 கட்டை. தந்திகளைத் தாங்கும் பாலங்களை நகர்த்திச் சுருதியை மாற்றலாம், ஆனால் நகர்த்தி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். 2 கட்டையில் ச-வே உயரத்தில் நிற்கும். அதனால் மந்திர பஞ்சமத்திலிருந்து நடு ஸ்தாயி காந்தாரம் (க) வரை மட்டும் உலவுகிற மெட்டாகப் பார்த்து எடுங்கள். பிள்ளைகளுக்கு அது தாராளமாக எட்டும்.

தாளத்தை பஸ்ஸில் பழகச் சொல்லுங்கள். பாடச் சொல்லாதீர்கள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பாடப்போய்த் தொண்டை கட்டிக்கொண்டு வருவார்கள். கை மட்டும் போடட்டும். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. எட்டு எண்ணிக்கை. பாட்டு மனசுக்குள் ஓட வேண்டும், கை வெளியே ஓட வேண்டும். பஸ் வளைவில் திரும்பும்போதும் எண்ணிக்கை விடாமல் வந்தால் மேடையில் பயமில்லை.

அப்புறம் மேளம். தப்பும் உருமியும் ஆண் பிள்ளைகளுக்கு என்று சில வீடுகளில் இன்னும் நினைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ, திருவிழாவில் உருமி மேளம் கேட்டு வளர்ந்த காது. அவர்களுக்கு ஆசை இருந்தால் மறுக்காதீர்கள். நான் அம்மாக்களை ஒரு பயிற்சிக்கு அழைப்பேன். ஒரு பாட்டி வந்து கேட்டுவிட்டு, "எங்க அப்பா அடிச்சதைவிட சுத்தமா அடிக்குது பொண்ணு" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை. தப்புக்குத் தோல் இறுக வேண்டும். தோட்டத்தில் நெருப்பு மூட்டிக் காய்ச்சுவார்கள், பள்ளியில் அது முடியாது. ஓய்வு நேரத்தில் வெயிலில் வைத்துவிடுவோம், அரை மணிக்கு ஒரு முறை திருப்பிப் போட ஒரு பிள்ளை. கொம்பாங் என்ற கைப்பறை அடிக்கும் மலாய்ப் பிள்ளைகள் தோலுக்கும் சட்டத்துக்கும் நடுவே செடாக் என்று ஒரு பிரம்பு வளையத்தைச் செருகி இறுக்குவார்கள். பார்க்க வேண்டிய கைவேலை அது. உங்கள் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

உடைக்குப் பணம் வசூலிக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பஞ்சாபி சூட், என்ன நிறமானாலும் சரி, தலையில் மல்லிகை மட்டும் எல்லாருக்கும். ஒரே நிறச் சேலை வாங்க முடியாத பிள்ளை அதைச் சொல்லாது. "தொண்டை சரியில்லை டீச்சர்" என்று சொல்லி நின்றுவிடும்.

விழா நாளில் கவனிக்க வேண்டியவை சில. ஒலிபெருக்கி பாடுகிறவர்களுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஒரு முறை வாடகைக்கு வந்தவர் பின்னால் வைத்துவிட்டார், முதல் வரியிலேயே மைக் ஊளையிட்டது. மைக்கின் வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிப்பதும் ஊளைக்குக் காரணம். இரண்டு பேருக்கு ஒரு மைக், வாயிலிருந்து ஒரு சாண். தம்புராவுக்கு மட்டும் சின்ன ஒலிபெருக்கி ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பின்னால் தரையில் வையுங்கள். சத்தம் சபைக்குப் போக வேண்டியதில்லை, அவர்கள் காதுக்குப் போனால் போதும். முன்னதாக மேடையில் தரும் சிராப் தண்ணீர் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

நிகழ்ச்சி நிரலில் முதல் பாட்டு நம்முடையது என்றால் ஒன்றை மறக்காதீர்கள். அதற்கு முன் தேசிய கீதமான நெகாராகூ பாடுவார்கள், பிறகு மாநில கீதம். 1957-இல் பேராக் மாநில கீதத்தின் மெட்டைத்தான் தேசிய கீதத்துக்கு எடுத்தார்கள். அதனால் பேராக்கில் நாம் ஒரே மெட்டை இரண்டு முறை கேட்கிறோம். அதன் சுருதி காதில் ஆழமாக உட்கார்ந்துவிடும். உடனே பாட ஆரம்பித்தால் பிள்ளைகள் அந்தச் சுருதிக்கே போவார்கள். தம்புராவை 20 விநாடி ஓட விடுங்கள். அறிவிப்பாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவர் பதற மாட்டார்.

தொடக்கக் குறிப்பை நீங்கள் கொடுக்காதீர்கள், ஒரு பிள்ளை கொடுக்கட்டும். அரைவட்டமாக நின்றால் எல்லாருக்கும் அவள் முகம் தெரியும். அவள் மூச்சை இழுத்தால் எல்லாரும் இழுப்பார்கள். நான் மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவேன். மேடையோரம் நின்றால் பிள்ளைகள் என்னைத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் மண்டபத்துக்குத் தகரக் கூரை. ஒரு நவம்பரில் இரண்டாவது சரணத்தில் மழை கொட்டியது. என் இடத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூச்சுக் குறிப்புக் கொடுக்கும் பிள்ளை, அந்த ஆண்டு படிவம் 4-க்கு வந்திருந்த பித்தளைக் குரல்காரிதான், கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினாள். தப்பு மட்டும் தொடர்ந்தது. 14 பேரும் ஆதி தாளம் போட்டார்கள். முன்வரிசையில் யாரோ சேர்ந்து தட்ட, பிறகு மண்டபம் முழுவதும் தட்டியது. மழை குறைந்ததும் அவள் மறுபடி மூச்சை இழுத்தாள், விட்ட வரியிலிருந்து எல்லாரும் எடுத்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் மழைக்கென்று ஒரு தாளப் பகுதியைப் பழக்கி வைக்கிறேன். 16 ஆவர்த்தனம் (தாளச் சுற்று) போதும்.

விழா முடிந்த அடுத்த புதன்கிழமை மறுபடி நோட்டை எடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் எல்லையும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தேதியோடு எழுதுங்கள். படிவம் 5 பிள்ளைகள் போகும் முன் அந்த நோட்டைப் படிவம் 4 பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்து, முனகச் சொல்லி அளப்பது எப்படி என்று அவர்களே காட்டிக் கொடுக்கட்டும். தம்புராவை யார் வைத்திருக்கிறார்கள், பஸ் அண்ணனின் நம்பர் எது என்பதையும் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.