மாமாவின் பழைய மீன் தொட்டி

வவுனியாவில் மாமா வீட்டுப் பின்பக்கம் பல வருஷம் காய்ந்து கிடந்த மீன் தொட்டியைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தேன். நாலு பக்கமும் சில்வர் சட்டம், அடியில் சிலேட்டுக் கல். தண்ணீர் விட்டதும் எல்லா மூலையாலும் ஒழுக்கு.

இந்த வகைத் தொட்டியில் கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருப்பது தார் கலந்த புட்டி என்ற பசை. ஈரம் இருக்கும்வரை இளக்கமாக இருக்கும், காயவிட்டால் இறுகி வெடிக்கும். "ரெண்டு நாள் தண்ணியோட விடடா, தானா அடைக்கும்" என்றார் மாமா. சில தொட்டிகளுக்கு அது சரிவரும். எனக்கு முற்றம்தான் நனைந்தது.

அவசரத்தில் வெளிப்பக்கம் சிலிக்கன் பசை பூசினேன். வீண் வேலை! தண்ணீர் உள்ளேயிருந்து அல்லவா தள்ளுகிறது.

பிறகு உள்மூலைகளைப் பிளேட்டால் சுரண்டினேன். தார் கறுப்பாகக் கண்ணாடியில் இழுபடும். துளி மிஞ்சினாலும் சிலிக்கன் ஒட்டாது. அசிற்றோன் என்ற கரைப்பானில் தோய்த்த துணி கறுக்காமல் வரும்வரை துடைத்தேன். கிணற்றுத் தண்ணீரின் வெள்ளைப் படிவு தேசிக்காய்ப் பாதிக்கே போய்விட்டது.

குளியலறைச் சிலிக்கன் வேண்டாம், அதில் பூஞ்சண மருந்து இருக்கும், மீனுக்கு ஆகாது. மீன் தொட்டிக்கென்று விற்பதை வாங்கி, கண்ணாடி கல்லோடு சேரும் இடம் உட்பட எல்லா உள்மூலையிலும் வைத்து, விரலால் ஒரே இழுப்பு. சிலிக்கன் காயும்போது வரும் வினாகிரி மணம் அடங்க ஒரு கிழமை விட்டேன்.

பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து நிரப்பினேன். மூன்றாம் நாளும் பேப்பர் காய்ந்தே இருந்தது.