பால் பிள்ளையின் வயிற்றை இறுக்குகிறதா? வீட்டில் பார்த்தறியும் முறை

"பாலுக்குள் அபின் இருக்கிறதாம் அம்மா, இனி இவனுக்குப் பாலே கொடுக்க மாட்டேன்" என்று கைபேசியை நீட்டினாள் மகள். பேரனுக்கு நான்கு வயது. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மலம் போகும், அதுவும் அழுகையோடு. கல்லடியில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். பயந்து பாலை நிறுத்துவதும் பிழை, சிரித்து ஒதுக்குவதும் பிழை. பார்த்துத்தான் அறிய வேண்டும்.

முதலில் விஷயம் என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள். பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 வீதம் கேசின். அதில் ஒரு வகையான பீட்டா கேசின் 209 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. உணவைச் செரிக்கும் நமது நொதியங்கள் அதை வெட்டும்போது ஏழு மணிகள் கொண்ட ஒரு துண்டு கழன்று வரலாம். அதன் பெயர் பீட்டா கேசோமார்பின்-7. 1979இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் இந்த வகைத் துண்டுகளை அறிவித்தார்கள். அபினில் உள்ள மார்பின் போய்ப் பற்றும், உடற்கலங்களின் மேலுள்ள அதே வாங்கிகளில் இதுவும் பற்றும், ஆனால் மிகவும் பலவீனமாக. அந்த வாங்கிகள் குடற்சுவரிலும் உண்டு. மார்பின் குடும்பத்துக் கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தால் மலம் இறுகுவது அதனால்தான்.

மாலையின் 67ஆம் மணி ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் என்றால் அது ஏ1 பால், துண்டு எளிதாகக் கழலும். புரோலின் என்றால் ஏ2, கழல்வது மிகக் குறைவு. ஃப்ரீசியன் போன்ற ஐரோப்பிய மாடுகளில் ஏ1 பரவலாக உண்டு. நம் நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ2. எருமைப்பால் ஏ2 வகை. பாலைக் காய்ச்சுவதால் இந்த மணி மாறாது.

நீரிழிவு, ஆட்டிசம், இதயநோய் எல்லாம் இதனால் வருகிறது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஆய்வுகளை எல்லாம் அலசி, அப்படியொரு காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொன்னது. தாய்ப்பாலிலிருந்தும் இந்தக் குடும்பத்துத் துண்டுகள் வருகின்றன. வயிற்று மந்தம் மட்டும் கவனிக்கத் தக்கது.

இரத்தம், வாந்தி, எடை குறைதல், உடம்பில் தடிப்பு ஏதேனும் இருந்தால் இந்த முறையைத் தொடவே வேண்டாம், வைத்தியரிடம் போங்கள். ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்கும் இது பொருந்தாது. பால் குடித்துச் சில மணி நேரத்தில் வயிறு ஊதி வயிற்றோட்டம் போனால் அது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையின் சங்கதி, வேறு கதை.

ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்: எத்தனை கப் பால், என்ன பால்மா, எப்போது மலம், இறுக்கமா இளக்கமா, அழுதானா. நாங்கள் எழுதியபோதுதான் தெரிந்தது, பேரன் நாளொன்றுக்கு நான்கு கப் பால்மா குடித்துவிட்டுச் சோற்றைத் தள்ளிவைக்கிறான். அதுவே பாதிக் காரணமாக இருக்கக் கூடும். இரண்டாம் வாரம் தண்ணீரும் பப்பாளிப்பழமும் கீரையும் சேர்த்தோம். கொஞ்சம் இளகியது, போதவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து பால்மாவை இரண்டு வாரம் முழுதாக நிறுத்துங்கள். பழத்தையும் தண்ணீரையும் அதே அளவில் வைத்திருங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். கல்சியத்துக்கு முள்ளோடு நெத்தலி, குரக்கன் கூழ், எள்ளுருண்டை கொடுங்கள்.

பிறகு பால்மாவைப் பழைய அளவிலேயே ஒரு வாரம் திரும்பக் கொடுங்கள். மனம் கேட்காது, ஆனால் இந்தப் படியைத் தவிர்த்தால் சோதனையே இல்லை. எங்கள் வீட்டில் நான்காம் நாள் மலம் மறுபடி இறுகியது.

கடைசியாக, ஏ2 வகைப் பாலான எருமைப்பாலின் தயிர். செங்கலடிப் பக்கம் பட்டி வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் இரண்டு லீற்றர் பால் வாங்கினேன். பொங்கக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு மேசைக்கரண்டி பழைய தயிரைக் கரைத்து மண்சட்டியில் ஊற்றி இரவு முழுக்க அசைக்காமல் மூடி வைத்தேன். சட்டியின் நுண்துளைகள் நீரை இழுப்பதால் தயிர் கட்டியாக நிற்கும். மாலையில் அரைக் கப், கித்துள் பாணி கொஞ்சம். இரண்டு வாரம் கொடுத்தோம், இறுகவில்லை.

இது பீட்டா கேசோமார்பினின் வேலைதான் என்று இந்தக் கொப்பி நிரூபிக்காது. அளவு குறைந்ததும் தயிராக மாறியதும் கூடக் காரணமாகலாம். இந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். நிறுத்தியும் மாற்றம் இல்லையென்றால் பாலைத் திரும்பக் கொடுத்துவிட்டு, கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள். அவர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அதில் தேதியோடு பதில் இருக்கும்.