சுரங்கம் தாழிறங்குவதை ரயிலின் ஆட்டத்தில் தேடும்போது எங்கே பிழைக்கிறோம்?

வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டைக்குப் போகும்போது கதவோரம் நின்று பாருங்கள். சில கால்வாய்ப் பாலங்களை நெருங்கும் இடத்தில் பெட்டி ஒருமுறை அமிழ்ந்து எழும்பும். பாலம் அத்திவாரத்தில் அசையாமல் நிற்கும். அதை ஒட்டிய மண் மட்டும் இறங்கியிருக்கும். கொழும்பில் சுரங்க மெட்ரோ இல்லை. ஆனால் ஷாங்காய் போல மென்களிமண்ணில் சுரங்கம் தோண்டிய நகரங்களிலும் இதே சங்கதிதான். அங்கே சுரங்கம் நிலையக் கட்டடத்தோடு சேரும் இடத்தைக் கவனிக்க வேண்டும்.

பெட்டியில் அதிர்வுமானி வைத்து இதைப் பிடிக்கலாம். ஆனால் பலர் பயணச் சொகுசுக் குறியீட்டை, அதாவது ஆட்டம் பயணிக்கு எவ்வளவு தொந்தரவு என்று காட்டும் எண்ணை, அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய தவறு அதுதான். அந்தக் குறியீடு மனித உடம்புக்காகச் செய்தது. மேலும் கீழுமான ஆட்டத்தில் நம் உடம்பு அதிகம் உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரைதான், அதாவது விநாடிக்கு 4 முதல் 8 ஆட்டம். தாழிறக்கமோ நீளமான பள்ளம். 30 மீட்டர் நீளப் பள்ளத்தை மணிக்கு 72 கிலோமீட்டரில் கடக்க ஒன்றரை விநாடி ஆகும், அதாவது 0.67 ஹெர்ட்ஸ். அந்த ஆட்டத்தைக் குறியீடு பாதிக்கும் குறைவாகவே கணக்கில் எடுக்கிறது. தண்டவாளத்தின் சின்னச் சின்ன நெளிவுகளின் கடகடப்பு அதை மூடிவிடும். ஆகவே வடிகட்டாத மூலப் பதிவைக் கட்டாயம் வைத்திருங்கள்.

அப்புறம் வேகம். அதே பள்ளத்தை 36 கிலோமீட்டரில் கடந்தால் ஆட்டத்தின் முடுக்கம் ஏறக்குறைய காற்பங்காகிவிடும். நேற்று ரயில் மெதுவாகப் போனது தெரியாமல் "இடம் சீராகிவிட்டது" என்று எழுதினால் ஆபத்து. வேகத்தையும், முடிந்தால் கூட்டத்தின் பாரத்தையும், ஒவ்வொரு பதிவோடும் சேர்த்துக் குறியுங்கள்.

சில்லு ஓரிடத்தில் தேய்ந்து தட்டையானாலும் பெட்டி அடிக்கும். ஆனால் அந்த அடி ரயிலோடு கூடவே போகும். நிலத்தின் பள்ளம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் ஒரு ரயிலின் பதிவை மட்டும் நம்ப வேண்டாம். இடத்தைக் குறிப்பதும் இலேசல்ல. சுரங்கத்துக்குள் செய்மதி எட்டாது. சில்லு எத்தனை முறை சுற்றியது என்று எண்ணினால், பிரேக் போடும்போது வழுக்கிக் கணக்குப் பிசகும். ஒவ்வொரு நிலையத்திலும் தூரத்தைச் சரிசெய்யுங்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது. சுரங்கம் முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் ரயிலுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டம் காட்டுவது வித்தியாசத்தை மட்டும். சுரங்கத்தின் உயரத்தை நேரடியாக அளக்கும் மட்ட அளவீட்டை நிறுத்திவிட்டு அதிர்வுமானியை மட்டும் நம்புவதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே வடிவ ஆட்டம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் அடுத்த அளவீட்டுத் தவணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே அளவையாளரை அங்கே அனுப்புங்கள்.