மாரிக்கு முன் வளவைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

மலையும் இல்லை, வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை, யாழ்ப்பாணத்துக்கு ஏது திடீர் வெள்ளம் என்று கேட்பவர்கள் 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மழையை மறந்திருப்பார்கள். உங்கள் வளவுக்குள் தண்ணீர் ஏறுமா என்பதை நீங்களே ஓரளவு கணிக்கலாம். மண்வெட்டி, வாளி, கயிறு போதும்.

1. மட்டம்

முதல் நல்ல மழைக்குக் குடையோடு ஒழுங்கையில் இறங்கி, தண்ணீர் போகும் பக்கமே நடங்கள். இந்தத் தட்டை நிலத்தில் அரை அடிதான் மேட்டையும் பள்ளத்தையும் பிரிக்கும். மழை இல்லையென்றால் மேசன்மாரிடம் மட்டக்குழாய் இரவல் வாங்கி, ஒரு முனையை வீட்டுப் படியிலும் மற்றதை றோட்டு ஓரத்திலும் பிடித்துப் பாருங்கள். தாருக்கு மேல் தார் போட்டு றோட்டு உயர உயர, வளவு கிடங்காகிவிடுகிறது. தண்ணீர் எந்தக் குளத்துக்கு, எந்தத் தரவைக்கு (தாழ்ந்த புல்வெளிக்கு) போகிறது என்றும் பாருங்கள். வலிகாமத்தில் நிறைய மழைநீர் வழுக்கையாறு வழியாக அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேர்கிறது. வழியில் ஒரு மதகு அடைத்தால் போதும், தண்ணீர் பின்னுக்கு ஏறும்.

2. மண்

ஓரடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வற்றியதும் திரும்ப நிரப்பி, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டாவது தடவைதான் கணக்கு. காய்ந்த மண் முதல் வாளியை எப்படியும் குடித்துவிடும். செம்பாட்டில், அதாவது செம்மண்ணில், விறுவிறுவென்று இறங்கும். கடல்நீரேரிக் கரையோர உவர்க்களியில் அப்படியே நிற்கும்.

3. கிணறு

செம்பாட்டுக்காரர் ஏமாறுவது இங்கேதான். செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. நிலாவரைக் கிணறும் அந்தக் கல் கரைந்து உண்டானதுதான். ஐப்பசி மழையை அது வாங்கிக்கொள்ளும். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்தபிறகு, அதே அளவு மழைக்கு உள்ளே இடம் இருக்காது. ஒரு பரப்புக் காணியில் (ஏறக்குறைய 250 சதுர மீற்றர்) 100 மில்லிமீற்றர் மழை என்றால் ஏறக்குறைய 25,000 லீற்றர். அவ்வளவும் முற்றத்தில்தான் நிற்கும்.

ஆகவே புரட்டாதியிலிருந்து கிழமைக்கு ஒருநாள், கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் மட்டம்வரை கயிற்றால் அளந்து கலண்டரில் எழுதுங்கள். மழை அறிவித்தலை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். கிணறு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது பலத்த மழை என்று சொன்னால், அன்றைக்கே மோட்டரைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். காணி உறுதிகளைப் பொலித்தீனில் சுற்றுங்கள். ஆபத்தென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். வெள்ளம் வடிந்தாலும் அவசரப்பட வேண்டாம்: மலசலகூடக் குழித் தண்ணீர் கிணற்றில் கலந்திருக்கக்கூடும். இறைத்துக் குளோரின் போடும்வரை அதைக் குடிக்காதீர்கள்.